முழித்திருக்க ஒரு மாத்திரை

ராத்திரி எட்டே முக்காலுக்குக் கம்பெனி வண்டி எங்கள் நிறுத்தத்தில் வந்து நிற்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் என் மருந்துக்கடையில் கூட்டம் சேரும். தலைவலி மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு பாக்கெட், பிஸ்கட். எல்லாரும் வாங்கிக்கொண்டு போன பிறகு ஒருவர் மட்டும் கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றி நிற்பார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணே, தூக்கம் வராம இருக்க ஏதாச்சும் குடுங்களேன்."

தூங்குவதற்கு மாத்திரை கேட்பவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார்கள். தூங்காமல் இருக்கக் கேட்பவர்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. உழைக்கத்தானே கேட்கிறோம் என்ற நேர்மை அந்தக் குரலில் இருக்கும். அதனாலேயே இல்லை என்று சொல்வது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

மாகறல், காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில் செய்யாற்றங்கரையில் இருக்கிற ஊர். திருமாகறலீசர் கோயிலால் ஊருக்குப் பேர். சம்பந்தர் பாடிய தலம். மூலவர் உடும்பின் வால் வடிவில் இருக்கிறார். நோய் தீர வேண்டிக்கொண்டு வெளியூரிலிருந்து வருகிறவர்கள், திரும்பும்போது என் கடைப் படியும் ஏறுவார்கள். மற்றபடி என்னிடம் வருகிறவர்கள் பட்டுத்தறிக்காரர்கள், விவசாயிகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள். முகூர்த்த மாதம் நெருங்கினால் தறிக்காரருக்கு ராத்திரி போய்விடும். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால் மோட்டார் போட விவசாயி எழுந்தாக வேண்டும். ஷிப்டுக்காரர்களுக்கு வாரம் முழுக்கவே தலைகீழ். தூக்கம் குறைந்த ஊரில் கடை வைத்திருக்கிறேன் என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆயிற்று.

நான் வேலை பழகியது 1980களின் கடைசியில், காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக்கடையில். பத்தாவது முடித்த பையன். மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் வேலை. அப்போதெல்லாம் நெசவாளர் தெருவிலிருந்து வருகிறவர்கள் இரண்டு அனாசின் வாங்கிப் போவார்கள். தலைவலிக்கு இல்லை. அப்போது அதில் ஆஸ்பிரினோடு காஃபினும் இருந்தது. டீயோடு போட்டுக்கொண்டால் இன்னும் நாலு விரற்கடை நெய்யலாம் என்பது அவர்களுடைய அனுபவம். லாரிக்காரர்கள் கேட்டது வேறு: இழுப்புக்குக் கொடுக்கிற மாத்திரை. அதில் தியோஃபிலினும் எபிட்ரினும் சேர்ந்திருக்கும். இழுப்புக்காரர்கள் மறுநாள் வந்து, "மூச்சு சரியாப் போச்சு, ஆனா விடிய விடியக் கொட்டக் கொட்ட முழிச்சினு இருந்தேன்" என்று குறை சொல்வார்கள். அந்தக் குறைதான் லாரிக்காரர்களுக்கு வேண்டியிருந்தது. சீட்டு ஏது, கணக்கு ஏது. கேட்டால் கொடுப்போம்.

பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் வந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவனாக இருப்பான். லாரி டிரைவர்கள் சாப்பிடுகிறதையே கொடு என்றான். நாலு மாத்திரை கொடுத்தேன். ராத்திரி இரண்டு, விடியற்காலையில் இரண்டு போட்டுக்கொண்டு கணக்குப் பரீட்சைக்குப் போயிருக்கிறான். நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, எழுத்து ஓடாமல் ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டான். இரண்டு நாள் கழித்து அவன் அப்பா கடைக்கு வந்தார். தறிக்காரர். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் சத்தமே போடவில்லை.

"நீ குடுத்தது இன்னா மாத்திரை தம்பி? அது உள்ள போயி இன்னா பண்ணும்?"

எனக்குத் தெரியவில்லை. இழுப்பு மாத்திரை என்றேன். "அவனுக்குத்தான் இழுப்பு இல்லியே" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு பிளஸ் டூ எழுதி, டி.ஃபார்ம் சேர்ந்து, மருந்தாளுநராகப் பதிவு செய்துகொண்டதெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான்.

கல்லூரியில் ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு மூலக்கூறுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வரைந்தார். ஒன்று எபிட்ரின். இன்னொன்று மெத்தாம்ஃபெட்டமின். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணு. என் கையால் எண்ணி மடித்துக் கொடுத்த மாத்திரையின் கூடப்பிறந்தது அது. எபிட்ரினைச் செடியிலிருந்து பிரித்தெடுத்தவர் ஜப்பானின் நாகாய் நாகயோஷி, 1885இல். இரண்டு வருடம் கழித்து பெர்லினில் லாசர் எடெலியானு ஆம்ஃபெட்டமினைச் செய்தார். நாற்பது வருடம் அதைச் சீந்துவார் இல்லை. 1930களில் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கு உறிஞ்சுகிற குழாயாக 'பென்செட்ரின்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1938இல் ஜெர்மனியில் 'பெர்விட்டின்' வந்தது, மெத்தாம்ஃபெட்டமின் மாத்திரை. 1940இல் பிரான்சுக்குள் நுழைந்த ஜெர்மன் சிப்பாய்களின் பையில் அது இருந்தது. ஜப்பானில் அதன் பெயர் 'ஹிரோபோன்'. போர் முடிந்த பிறகு கையிருப்பு மொத்தமும் கடைத்தெருவுக்கு வந்து, இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அடிமைப்பட்டு, 1951இல் அந்த நாடு தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. படிக்கும்போது எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. எங்குமே அதை முதலில் சாப்பிட்டவர்கள் சோம்பேறிகள் இல்லை. இன்னும் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும், இன்னும் ஒரு ராத்திரி தாங்க வேண்டும் என்று நினைத்தவர்கள்.

நம் நாட்டில் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் ஆம்ஃபெட்டமினையும் மெத்தில்ஃபெனிடேட்டையும் மனமயக்கப் பொருட்கள் என்று பட்டியல் போட்டிருக்கிறது. மருந்துச் சட்ட விதிகளிலும் அவை எக்ஸ் அட்டவணையில் வருகின்றன. அதை விற்க எனக்கு இருக்கிற சாதாரண உரிமம் போதாது. 20எஃப் என்ற தனி உரிமம் வேண்டும். டாக்டர் சீட்டை இரண்டு படியாக எழுத வேண்டும், ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும், மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். கிராமத்துக் கடைக்காரர் யாரும் இந்த உரிமத்துக்குப் போவதில்லை. நானும் போகவில்லை.

அதனால் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாலைந்து வருடம் முன்னால் ஓர் அம்மா, எட்டு வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு சீட்டோடு வந்தார். மெத்தில்ஃபெனிடேட். 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலாளர் செய்தது. மனைவி ரீட்டாவின் பெயரை வைத்து அதற்கு 'ரிட்டலின்' என்று பெயரிட்டார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத, கவனம் ஒருமுகப்படாத பிள்ளைகளுக்கு அது கண்ணாடி போட்டுவிடுகிற மாதிரி. என்னிடம் இல்லை. காஞ்சிபுரத்தில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன், அங்கேயும் இல்லை. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றேன். அந்த அம்மா கூலி வேலை செய்கிறவர். மாதம் ஒருநாள் கூலியும் பஸ் காசும் அந்த மாத்திரைக்காகப் போகும். பூட்டு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூட்டுக்குள் மருந்து இருக்கிற இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டாமா என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன்.

இப்போது பிள்ளைகள் கேட்பது மோடாஃபினில். பெயரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். பிரான்சில் கண்டுபிடித்தது, அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. ஆம்ஃபெட்டமின் போல நெஞ்சைப் பிடித்து உலுக்காது என்பதால் சாதுவான மருந்து என்று பேர் வாங்கிவிட்டது. இதற்கும் டாக்டர் சீட்டு வேண்டும். ஆனால் எக்ஸ் அட்டவணைக் கெடுபிடி இல்லை, ஆகவே கடைகளில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. ஏன் என்று சொல்லாமல் திருப்பி அனுப்புவதும் இல்லை.

அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே பன்னிரண்டிலிருந்து பதினைந்து மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன பையன் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்கும்போது பாதி மாத்திரை இன்னும் உள்ளே இருக்கிறது. கண்ணை மூடினாலும் தூக்கம் பிடிக்காது. அன்றைக்குச் சாயங்காலம் வந்து தூக்க மாத்திரை கேட்பான். அல்பிரசோலம். அது 2014இலிருந்து எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டினால், முழிக்க ஒன்று தூங்க ஒன்று என்று மாட்டிக்கொண்டவர்களை என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்வேன். கர்ப்பத்தடை மாத்திரையின் பலத்தை மோடாஃபினில் குறைத்துவிடும். நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு. இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது என்று பழகிக்கொண்டேன். கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு பெண், கணவர் எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்த அட்டையைக் காட்டியபோதுதான் முதல் தடவை இதைச் சொல்ல நேர்ந்தது.

தறிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். முழித்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற சரக்கு சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்கும். டீயில் இருக்கிற காஃபின் அதைக் கரைப்பதில்லை. அடினோசின் போய் உட்காரவேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான். "முன்பணம் மாதிரி" என்பேன். தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிய வீட்டில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கையில் காசு வந்த ராத்திரி எப்படி இருக்கும், அது எத்தனை சேலையில் பிடிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா குழித்தறி நெய்கிறவர். மகன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். வீடு ஒரே அறை. அதில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். மகன் காலை ஏழரைக்கு வந்து படுப்பான். எட்டு மணிக்கு அப்பா குழியில் இறங்குவார். பலகை அடிக்கிற சத்தம் தரையிலேயே அதிரும். பாயில் படுத்தவனுக்கு முதுகெலும்பில் கேட்கும். நாலு மாதத்தில் அவன் மூன்று தடவை என்னிடம் வந்தான். மூன்றாம் தடவை நான் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னேன்: "இவன் கேக்கற மாத்திரை என் கடையில இல்ல மாமா. உங்க தறியிலதான் இருக்கு."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. உடலையும் கரையையும் தறியிலேயே கோர்க்கிற கோர்வைச் சேலை. ஊடை கொடுக்க அந்தப் பக்கம் அவர் மனைவி உட்கார வேண்டும். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்தால்தான் வேலை நகரும். சேலை முடிய பதினைந்து நாள். காலையில் நாலு மணி நேரம் தறியை நிறுத்தினால் மாதக் கணக்கு உதைக்கும். கடைசியில் அந்த அம்மாதான் முடிவு சொன்னார். பாவு பிணைக்கிறது, இழை அறுந்ததை எடுத்துக் கட்டுவது, சங்கத்துக்குப் போய் வருவது எல்லாம் காலையில். பலகை அடிப்பது மத்தியானம் ஒரு மணிக்குமேல். தீபாவளி நெருக்கத்தில் இந்த ஏற்பாடு உடைந்துபோகும். மற்ற மாதங்களில் ஓடுகிறது. அவர்களுக்கு வருமானம் குறைந்தது நிஜம். அந்தக் குறைவை யாரும் அவர்களுக்கு ஈடு செய்யவில்லை. மகன் அப்புறம் மாத்திரை கேட்டு வரவில்லை.

நீட் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் எனக்குப் பொறுமை அதிகம். பரீட்சை ஹாலிலிருந்து எழுந்து வந்த அந்தப் பையன் மனதில் நிற்பதால் இருக்கலாம். போன வருடம் ஒரு பெண் கேட்டாள், "மூளை வேகமா வேலை செய்யும்னு சொல்றாங்களே, அது பொய்யா மாமா?" அவளுக்கு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 2023இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லாத நாற்பது பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், மோடாஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், வெறும் மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, ஒரு மூட்டைக்குள் எந்தெந்தப் பொருளை வைத்தால் மதிப்பு அதிகம் வரும் என்கிற மாதிரிக் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டபோது கூடுதல் முயற்சி எடுத்தார்கள், பரபரவென்று கைகள் ஓடின. ஆனால் விடையின் தரம் குறைந்துதான் போனது. இதை நான் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அனாசின் காலத்து நெசவுதான். ராத்திரி முழித்து நெய்த சேலையில் உடலும் கரையும் சேர்கிற இடத்தைக் காலை வெளிச்சத்தில் பார்த்தால் கோர்வை பல்லிளித்துக்கொண்டு நிற்கும். நெய்தவருக்கு அந்த ராத்திரியில் கை நன்றாக ஓடியதாகத்தான் ஞாபகம் இருக்கும். அந்தப் பெண்ணின் வீட்டிலும் தறி உண்டு. புரிந்துகொண்டாள். படித்தது மனதில் ஊறிப் படிவதே தூங்கும்போதுதான் என்று சொல்லி அனுப்பினேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் மறுத்ததெல்லாம் சரி என்று தோன்றும். ஒருவர் விஷயத்தில் நான் ஒன்பது வருடம் தவறு செய்தேன்.

அவரும் நெசவாளி. முதலில் என்னிடம் வந்தபோது இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நாடாவைக் கையில் பிடித்தபடி தூங்கிவிடுவார். சாப்பிடும்போது தூங்குவார். ஒருநாள் சைக்கிள் மிதித்துக்கொண்டே கண்ணயர்ந்து வாய்க்காலில் விழுந்தார். ஊர் அவருக்குத் 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தது. நிஜப் பெயர் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கோர்வைக்கு அவரோடு உட்கார யாரும் சம்மதிக்கவில்லை. தறி முதலாளி பாவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். பெண் கொடுத்த வீட்டில் மகளைத் திரும்ப அழைத்துக்கொண்டு போனார்கள். அவர் என்னிடம் கேட்டதும் மற்றவர்கள் கேட்டதேதான். "தூக்கம் வராம இருக்க ஏதாச்சும் குடுண்ணே." நானும் மற்றவர்களுக்குச் சொன்னதையே சொன்னேன். சீக்கிரம் படு, போனைத் தள்ளி வை, குடிக்காதே.

"குடிக்கறதில்லண்ணே. பத்து மணி நேரம் தூங்கறேன், அப்பவும் வருது" என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் நின்றிருக்க வேண்டும். கேட்டவர்களில் மற்ற எல்லாரும் தூங்காதவர்கள். இவர் தூங்கியும் தூக்கம் தீராதவர். வித்தியாசம் என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. எத்தனையோ பேரை மறுத்துப் பழகிய வாய், கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டது.

இப்படியே ஒன்பது வருடம் போன பிறகு ஒருநாள், பக்கத்து ஊர் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து. செய்யாற்றங்கரை முழுக்கவே கூத்து ஊறிய மண். பங்குனி பிறந்தால் ஏதோ ஓர் ஊரில் விடிய விடிய மிருதங்கமும் முகவீணையும் கேட்கும். (கூத்து ஆடுகிறவர்கள் பகலில் நிழல் கண்ட இடத்தில் படுத்துத் தூங்குவார்கள், அவர்களை யாரும் எழுப்புவதில்லை. ராத்திரி முழித்தவனுக்குப் பகல் தூக்கம் பாத்தியம் என்று கூத்துக்காரர் விஷயத்தில் மட்டும் எங்கள் ஊருக்குத் தெரிந்திருக்கிறது.) கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. நின்றுகொண்டு பார்த்த அவரும் சிரித்தார். சிரித்த நிமிஷத்தில் முழங்கால் மடிந்து துணி விழுகிற மாதிரித் தரையில் சரிந்தார். தண்ணி போட்டிருக்கான் என்றார்கள். தூக்கிக்கொண்டு போய்த் திண்ணையில் கிடத்தினார்கள்.

மறுநாள் கடைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்: "விழுந்துட்டண்ணே. ஆனா எல்லாம் காதுல கேட்டுச்சு. குடிகாரன்னு சொன்னதும் கேட்டுச்சு. பதில் சொல்லத்தான் வாய் அசையல."

மோடாஃபினில் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற காகிதத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். எந்த நோய்க்காக இந்த மருந்து என்பதுதான் அதில் முதலில் இருக்கும்: நார்கோலெப்சி. நாங்கள் படித்த நோயியல் குறிப்பில் அதற்கு இரண்டு அடையாளம் எழுதியிருந்தது. அடக்க முடியாத பகல் தூக்கம் ஒன்று. சிரித்தால் தசை தளர்ந்து விழுவது மற்றொன்று. மூளையில் ஒரெக்சின் சுரக்கிற கொஞ்சம் நரம்பணுக்கள் அழிந்துபோவதுதான் காரணம் என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். மனதின் பலவீனம் இல்லை, சோம்பல் இல்லை. ஒன்பது வருடமாக நான் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று காத்துவைத்திருந்த மருந்து இந்த ஒருவருக்காகத்தான் செய்யப்பட்டிருந்தது.

சென்னையில் ஒரு மருத்துவமனைக்கு அவரோடு நானே போனேன். ராத்திரி முழுக்கத் தலையில் கம்பிகள் ஒட்டித் தூங்க வைத்தார்கள். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் இருட்டறையில் படுக்கச் சொல்லி எவ்வளவு நேரத்தில் தூங்குகிறார் என்று பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களில் தூங்கிப்போனார். டாக்டர் நோயின் பெயரைச் சொன்னபோது அவர் அழுதார். அது பேரா, பேர் இருக்கா இதுக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

மாதம் மூன்று அட்டை, காலையில் ஒன்று. சீட்டை நான் ஒவ்வொரு தடவையும் வாங்கிப் பார்க்கிறேன். அவரும் கேட்காமலே நீட்டிவிடுவார். மத்தியானம் தறி ஓரத்திலேயே இருபது நிமிடம் படுப்பார். இப்போது அவரோடு கோர்வைக்கு உட்காருகிறவர் அவருடைய அக்கா மகன். மனைவி திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது வருடத்துக்கு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஒருநாளும் அதைப் பேசியதில்லை.

சிரித்தால் விழுவது மட்டும் முழுக்க நிற்கவில்லை. அதற்குத் தனி மாத்திரை கொடுத்தார்கள், குறைந்திருக்கிறது. இந்தப் பங்குனியில் கூத்துக்குப் போனபோது அவர் நிற்கவில்லை. கோயில் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணி தாண்டித் திரை பிடித்தார்கள். கட்டியங்காரன் வெளியே வந்தான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்தார்.